இடது தாடையில் ஒரு கறுப்பு

பூமயில் வாயைத் திறந்ததும் டாக்டர் சத்யப்பிரியா முகக்கவசத்துக்குள் மூச்சை அடக்கிக்கொண்டாள். மூடி வைத்த பாத்திரத்தில் மீன் அழுகியதுபோல ஒரு நாற்றம். இடது கடைவாயில் பல் பிடுங்கிய குழி இன்னும் மூடவில்லை. ஈறை விரலால் அழுத்தினாள். கெட்டித் தயிர் போல வெள்ளையாகப் பிதுங்கி வந்தது.

"இதத்தான் டாக்டரம்மா தெனமும் முழுங்கிக்கிட்டு இருக்கேன்" என்றாள் பூமயில்.

அவள் வாலிநோக்கத்து உப்பளத்தில் வேலை பார்ப்பவள். வயது முப்பத்து மூன்று. ராமநாதபுரத்து ஸ்கேன் சென்டர் ஒன்றில் பல், தாடை எக்ஸ்ரேக்களைப் பார்த்து ரிப்போர்ட் கொடுப்பது சத்யப்பிரியாவின் வேலை. நோயாளிகளை நேரில் பார்ப்பது அபூர்வம். நாற்றம் தாங்காமல் டெக்னீஷியன் வேல்ராஜ்தான் அவளைக் கூப்பிட்டிருந்தான்.

முழுத்தாடைப் படம் திரையில் வந்தது. இடது கீழ்த்தாடையில் கடைவாய்ப்பல் தொடங்கி காதுக்குக் கீழே வரை, எலும்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் கறுப்பு. ஞானப்பல் அடியில் தள்ளப்பட்டுக் கிடந்தது. கறுப்பின் ஓரம் கோடு போட்டதுபோல் தெளிவாக இருந்ததால் புற்றாக இருக்காது என்று நினைத்தாள். எலும்பை உள்ளுக்குள்ளேயே தின்றுகொண்டு போகும் கட்டி. தாடை முட்டை ஓடாக மெலிந்திருந்தது.

"இத்தன நாளா படமே எடுக்கலையாம்மா?"

"எடுத்தேனே, போன வருசம். இங்கனதான்."

பிளாஸ்டிக் கவரிலிருந்து பழைய படத்தை எடுத்து நீட்டினாள். சத்யப்பிரியா அதை விளக்குப் பெட்டியில் மாட்டினாள். அதே இடத்தில் கட்டைவிரல் நகமளவுக்குக் கறுப்பு. படிக்கிற பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். கூட இருந்த ரிப்போர்ட்டில் 'பல் சொத்தை. எலும்பு இயல்பாக உள்ளது' என்றிருந்தது. கீழே அவள் கையெழுத்து.

அந்த வரிகள் கம்ப்யூட்டரில் எப்போதும் தயாராக இருக்கும். வேல்ராஜ் அச்செடுத்து அடுக்கி வைப்பான். சாப்பிடப் போகும் அவசரத்தில் இருபது, முப்பது தாள்களில் அவள் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவாள். அந்தத் தாளை நம்பித்தான் எங்கோ ஒரு பல் டாக்டர் இவளுக்கு இரண்டு பற்களைப் பிடுங்கியிருக்கிறார்.

வேல்ராஜ் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "மேடம், பழசு நம்மகிட்டயே இருக்கட்டும். புதுசக் குடுத்து மதுரைக்கு அனுப்பிவிட்ருவோம்."

அவன் வாயைத் திறக்கும் முன்பே அதே யோசனை அவளுக்கும் வந்துவிட்டிருந்தது.

படத்தைக் கழற்றிக்கொண்டு பூமயிலிடம் போனாள். கறுப்பைத் தொட்டுக் காட்டினாள். "இது போன வருசமே இருந்திருக்கு. எலும்பு நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நான்தான்."

"தெரியாமப் போச்சா?"

"இல்ல. நான் படத்தையே பாக்கல."

பூமயில் அந்தப் படத்தை வாங்கிக் கவருக்குள் போட்டாள். "வேலைக்குப் போற வேன்ல எம்பக்கத்துல ஒருத்தியும் உக்கார மாட்டா. எம்புருசன் வாசல்ல போய்ப் படுக்குறாரு. நாந்தான் பல்லு வெளக்கலன்னு என்னையவே திட்டிக்கிட்டுக் கெடந்தேன்." எழுந்து போய்த் தொட்டியில் துப்பினாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "சீ" என்றாள். எச்சிலைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா என்று சத்யப்பிரியா கேட்டுக்கொள்ளவில்லை. தன்னைத்தான் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் அவளே பூமயிலை மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தாள். சதைத்துண்டைப் பரிசோதித்ததில் புற்று இல்லை என்று உறுதியானது. கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். தாடை தப்பியது. கீழுதட்டின் இடது பாதி மட்டும் மரத்துப்போனது. கட்டி திரும்ப வரலாம், ஆறு மாதத்துக்கொருமுறை படம் எடுக்க வேண்டும் என்றார்கள்.

சத்யப்பிரியா கம்ப்யூட்டரிலிருந்த அந்த வரிகளை அழித்துவிட்டாள். இரண்டு வருடப் படங்களைத் திரும்ப ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்படித் தவறவிட்டவர்கள் இன்னும் மூன்று பேர் கிடைத்தார்கள். மூவருக்கும் அவளே போன் செய்து நடந்ததைச் சொன்னாள். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். கடைசிவரை கேட்டுவிட்டு, எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொன்னாள்.

ஆறு மாதம் ஆனதும் பூமயிலைக் கூப்பிட்டாள்.

"படம் எடுக்கணும்மா. எப்ப வாரீங்க?"

"எடுத்துட்டேன். பரமக்குடியில" என்று சொல்லிவிட்டு பூமயில் போனை வைத்துவிட்டாள்.