குனிந்து வரும் கதவு

பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய். கான்ட்ராக்டர் ஹரிஹரன் எனக்கும் என் சம்சாரம் வெள்ளையம்மாளுக்கும் தரவேண்டிய கூலி. ஏற்காட்டில் பழைய கலெக்டர் பங்களாவை இடிக்காமல் முன்பிருந்தபடியே ஆக்கித் தரும் வேலை. தலைச்சோலையிலிருந்து பஸ் ஏறி வந்து மழைக்காலம் பூராவும் சுண்ணாம்பு அரைத்துப் பூசினோம். கூலி கேட்டால், திறப்பு விழா முடியட்டும் என்பான்.

காசைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்த பங்களாவில் பாத்ரூமுக்கு வெளியிலிருந்து ஒரு குட்டைக் கதவு உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் மலம் அள்ள வருகிறவர் ஊட்டுக்குள் கால் வைக்காமல் வந்து போக வைத்தது. நிமிர்ந்து நுழைய முடியாது. ஒருநாள் சாந்துச் சட்டியோடு முன்வாசல் ஏறிய வெள்ளையம்மாளை ஹரிஹரன் நிறுத்தினான்.

"உங்களுக்குன்னு அளவெடுத்து அந்தக் காலத்துலயே வாசல் வச்சிருக்கான். அதுல போ."

கூட நின்ற இஞ்சினியர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் சட்டியை இறக்கி வைத்து, குனிந்து உள்ளே போய், சட்டியை இழுத்து, மறுபடி தலைக்குத் தூக்குவாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே பூசினேன்.

விழாவுக்கு முந்தின நாள் மலையெல்லாம் பனிமூட்டம். பாத்ரூமின் உள்கதவுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னான். இந்த ஈரத்துக்குக் காயாதுங்க, நிலையோட ஒட்டிக்குமுங்க என்றேன். சொன்னதைச் செய் என்றான். அடித்தேன். மறுநாள் விருந்தாளிகள் வரும் நேரத்துக்கு அவனே உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினான். ஒட்டிக்கொண்டது.

தட்டினான், கத்தினான். கல் சுவர் ரெண்டு முழம் கனம். கூடத்தில் நாதஸ்வரம் வேறு. போன் காரில். குட்டைக் கதவு வழியாகப் பின்பக்கம் மட்டும் சத்தம் வந்தது. அங்கே நாங்கள்தான் இருந்தோம். அந்தக் கதவுக்கு வெளியே கொண்டி உண்டு. உள்ளே சுண்ணாம்பு மூட்டை இருந்தபோது நான் மாட்டியது; அன்றும் பூட்டியபடியே இருந்தது.

"யாருங்க வெளியில?" அவன் வாயில் அன்றுதான் 'ங்க' வந்தது.

நான்தான் என்றேன். முன்பக்கமாகப் போய் யாரும் பார்க்காமல் கதவை நெம்பித் திறந்துவிட்டால் மொத்தக் கூலியும் இப்போதே தருவதாகச் சொன்னான். மேலே ரெண்டாயிரம். விழாச் செலவுக்கு வைத்திருந்த ஐநூறு ரூபாய்த் தாள்களைக் கதவிடுக்கில் நீட்டினான்.

வாங்கத்தான் கை போனது. வெள்ளையம்மாள் தாள்களை உள்ளே தள்ளிவிட்டாள்.

"இந்த வாசல்லயே வரச் சொல்லு."

விருந்தாளிகள் பழைய சமையல்கட்டைப் பார்க்கப் பின்பக்கம் வரும்வரை காத்திருந்தோம். இஞ்சினியர்களும் வந்தார்கள். கொண்டியை எடுத்தேன்.

பட்டுச்சட்டையோடு குனிந்தான். நிலையில் தலை இடித்தது. கைகளை மண்ணில் ஊன்றி, வெள்ளையம்மாள் காலடிக்குத் தவழ்ந்து வந்தான்.

"பாத்து வா சாமி, தலை இடிக்கும்" என்றாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

அதே இஞ்சினியர்கள் சிரித்தார்கள்.

அந்தக் கூலி வரவில்லை. அமீர் ஜான் பாய் கடை அரிசிப் பாக்கியை நாங்கள் இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கிறோம். ஹரிஹரன் எங்களுக்கு எதுவும் தரவேண்டியதில்லை.