பெற்றவள் தலையில் விழும் கல்

நடுவர் இல்லாமல் நடந்த முதல் கால்பந்தாட்டத்தில், மக்கள் திட்டிய வசவெல்லாம் கல்லாகி மைதானத்தில் விழுந்தது. கோலிக்குண்டு அளவு, கறுப்பு நிறம், கெட்ட வார்த்தையாக இருந்தால் கொஞ்சம் கூர்மை. காவலாளி பெருக்கி வெளியே கொட்டினார். பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. வசவை யாராவது ஒருவர் வாங்கிக்கொண்டாக வேண்டும். அதுவரை விசில் வைத்திருந்த மனிதர் வாங்கிக்கொண்டார். இப்போது மேலே கேமராக்களும், ஏதோ ஓர் அறையில் தானே யோசிக்கும் ஓர் இயந்திரமும்தான் இருந்தன. இயந்திரத்துக்கு ஏது மானம், ஏது ரோஷம்? போன வசவு போன வேகத்தில் திரும்பி வந்தது.

வேலை போன நடுவரைக் கால்பந்துச் சங்கத்தில் 'செவிடர்' என்பார்கள். காது நன்றாகவே கேட்கும். கேலரியே எழுந்து கத்தினாலும் முகம் மாறாதவர் என்பதால் வந்த பெயர். சங்கம் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பியது. அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறு: அதே மாதம்தான் அவருடைய ஒரே மகள் நடுவர் தேர்வில் முதலாவதாகத் தேறியிருந்தாள். விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு இனி நாக்கு வழிக்கவா என்று பொருமினார்.

கற்களில் இடறி ஆட்டக்காரர்களின் கணுக்கால் பிசகத் தொடங்கியதும், சங்கச் செயலாளர் வீடு தேடி வந்தார். முடிவை இயந்திரம் சொல்லும், விசிலும் தானாக ஊதும், அதை வாயில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நடுவில் நின்றால் போதும் என்றார். செவிடரை அவர் பார்க்கவே இல்லை. சின்ன வயதுக்காரர்களுக்கு இதில் நல்ல எதிர்காலம் உண்டு என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"உன்னை ஊதக் கூப்பிடலம்மா. நின்னு வாங்கிக் கட்டிக்கக் கூப்பிடறாங்க," என்றார் செவிடர்.

"நீங்க மட்டும் வாங்கிக் கட்டிக்கலையாப்பா? அதுலதானே நான் வளர்ந்தேன்."

"நான் வாங்கினது நான் கொடுத்த முடிவுக்கு."

"சரிப்பா. வேற வேலை எங்க இருக்கு, சொல்லுங்க."

மகள் வேலைக்குப் போனாள்.

அவள் நின்ற முதல் ஆட்டத்தில் மைதானத்தில் ஒரு கல்கூட விழவில்லை. அவளைத் திட்டியதெல்லாம் அவளிடமே தங்கியது. தோள் கனக்கிறது என்பாள், அவ்வளவுதான். ஆனால் யார்தான் ஆளை மட்டும் திட்டிவிட்டு நிறுத்துகிறார்கள்? பெற்றவளையும் சேர்த்துத்தானே இழுக்கிறார்கள்? அப்படி இழுத்த வசவு பெற்றவளைத் தேடிப் போனது. அன்று மாலை சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த செவிடரின் மனைவிமேல், கூரையில் ஒரு கீறலும் இல்லாமல், கற்கள் விழுந்தன. செவிடரின் அம்மா அவர் விசிலைத் தொடுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். அம்மாவின் கல்லறைமேல் எப்போதும் கறுப்புக் கற்கள் குவிந்திருக்கும். யாரோ பிரியமானவர்கள் வைக்கிறார்கள் என்று இத்தனை வருடம் நன்றியோடு நினைத்திருந்தார். அன்றைக்குத்தான் அவருக்கு உண்மை உறைத்தது. வாய்விட்டு அழுதார்.

மனைவி அழவில்லை. "அவகிட்ட மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா வேலையை விட்டுட்டு வந்து நிப்பா," என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு ஆட்ட நாட்களில் அவள் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்து தைத்தாள். மகள் வருவதற்குள் அவர் பெருக்கி முடித்துவிடுவார். இப்படியே சில வருடங்கள் ஓடின. எதற்கும் பழகிக்கொள்ளும் பிறவிதானே மனிதன்.

ஒரு கோப்பை இறுதியாட்டத்தன்று செவிடர் டிவி முன்னால் இருந்தார். கடைசி நிமிடத்தில் அருமையான கோல். அடித்தவனின் கால் கட்டைவிரல் நகம் ஆஃப்சைடு கோட்டைத் தாண்டியிருந்தது என்று இயந்திரம் அதைச் செல்லாது என்றது. கண்ணுள்ள எந்த மனிதனும் அப்படிச் சொல்லமாட்டான். வாழ்நாளெல்லாம் திட்டு வாங்கியவர், யாரையும் திட்டிப் பழகாதவர், அன்றைக்குத் தன்னை மறந்தார். "எவடா பெத்தா உன்னை?" என்று அந்த இயந்திரத்தைப் பார்த்துக் கத்தினார். இயந்திரத்துக்குத் தாய் கிடையாது. வசவு கொஞ்சம் தயங்கியிருக்கும், பிறகு அங்கே நின்றவளின் தாயைத் தேடி வந்தது. அவருக்கு டீ கொடுக்க மேஜைக்கு அடியிலிருந்து அப்போதுதான் எழுந்திருந்த மனைவியின் நெற்றியில் விழுந்தது. மற்ற எல்லாவற்றையும்விட அது கூர்மையாக இருந்தது.

அவள் கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இது உங்க குரல் மாதிரி இருந்துச்சே," என்றாள்.

மகள் சந்தோஷமாக வந்தாள். இன்றைக்கு ஒரு முடிவும் தப்பில்லை என்றாள். அம்மாவின் நெற்றிக் கட்டைப் பார்த்துப் பதறினாள். அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்றாள் அம்மா. அப்புறம்தான் மகள் விஷயத்தைச் சொன்னாள்: பதவி உயர்வு, தலைநகரத்தின் பெரிய ஸ்டேடியம், லட்சம் பேர் உட்காரலாம்.

"நல்லா இரும்மா," என்றாள் அம்மா.

மறுநாள் காலை செவிடர் தச்சுக்கடைக்குப் போய், கெட்டியான பலகையில் ஒரு மேஜை வேண்டும் என்றார். தச்சர் எதற்கு என்று கேட்கவில்லை. நடுவர் வீடா என்று மட்டும் கேட்டார். அந்த அளவு இப்போது நிறையப் போவதால் செய்தே வைத்திருப்பதாகச் சொல்லி, வண்டியில் ஏற்ற ஒரு கை பிடிக்கச் சொன்னார்.