மூன்றாவது கோரிக்கை

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது மாரீன். எங்கள் சோஷலிஸ்ட் கிளை நடத்தும் பத்திரிகைக்கு ஆசிரியர் அவள்தான். அதை மடிப்பதும், மழையில் நனைந்தபடி ரயில் நிலைய வாசலில் நின்று விற்பதும்கூட அவள்தான். கோழித் தொழிற்சாலை வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒரு கதை வேண்டும், அரைப் பக்கம் போதும், முடிவில் நம்பிக்கை இருக்க வேண்டும் என்றாள்.

"நம்பிக்கை இல்லைன்னா?" என்று கேட்டேன்.

"உண்டாக்கு. செய்தி போடணும்னா நானே போட்டுக்க மாட்டேனா? அதுக்கு நீ எதுக்கு?"

ஆங்கிலத்தில் எழுதித் தருவதாகத்தான் பேச்சு. ஆனால் இதைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழில் இருந்தால் மாரீனால் வெட்ட முடியாது. தவிர, அந்தத் தொழிற்சாலையின் பொட்டலப் பிரிவில் வேலை பார்ப்பவள் நான். என்னுடைய வேலைநிறுத்தத்தை என் மொழியில் திட்டிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

2

முதல் தொடக்கம்: "சூரியன் எழுவதற்கு முன்பே தொழிலாளி வர்க்கம் எழுந்துவிட்டது."

[அடித்துவிட்டேன். ஆஸ்திரேலியாவில், இந்த விக்டோரியாவின் ஜூலைக் குளிரில் சூரியன் எழுவதே இல்லை. தொழிலாளி வர்க்கத்தில் பாதிப்பேர் அலாரத்தைத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தவர்கள்.]

இரண்டாம் தொடக்கம்: "வஸிதி என்ற பிஜிப் பெண் ஒரு கையால் கோழியைப் பிடித்து, மறு கையால் கத்தியை—"

[இதையும் அடித்துவிட்டேன். எந்தக் கையால் என்பதுதான் சிக்கலே. பிறகு சொல்கிறேன்.]

மூன்றாம் தொடக்கம்: "கோழிகள் வரும் பெல்ட்டின் வேகத்தைக் கூட்டினார்கள். அதனால் வேலையை நிறுத்தினோம்."

இது இருக்கட்டும். அழகில்லை, ஆனால் உண்மை. எங்கள் கோரிக்கைகள் மூன்று. சம்பளம் உயர வேண்டும். பெல்ட் மெதுவாக ஓட வேண்டும். மூன்றாவது: பசிபிக் தீவுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்குக் காயம்பட்டால் ஊருக்கு அனுப்பக் கூடாது.

மூன்றாவதை விளக்கும்போதெல்லாம் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது. வஸிதியைப் போன்றவர்களின் விசா இந்த ஒரு கம்பெனியோடு கட்டப்பட்டது. கம்பெனி வேண்டாம் என்றால் நாடும் வேண்டாம் என்கிறது. மழுங்கிய கத்தியைத் தீட்டி மறுநாளும் பயன்படுத்துகிறார்கள். கை போன ஆளை விமானத்தில் ஏற்றிவிடுகிறார்கள். மேடையில் ஏறினால் மந்திரிமார் "பசிபிக் குடும்பம்" என்கிறார்கள். எந்தக் குடும்பத்தில் ஐயா, கை ஒடிந்தவளை வீட்டை விட்டு அனுப்புகிறார்கள்?

[மாரீன் இங்கே "கோபம் வேண்டாம், தகவல் போதும்" என்று எழுதியிருப்பாள். எழுத முடியாது. அதுதான் தமிழ்.]

3

வஸிதிக்கு ஒரு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. வலதா இடதா என்று எழுத மாட்டேன். அவள் பெயரும் வஸிதி இல்லை. இந்த வீக்கம் மேலாளருக்குத் தெரிந்தால் அவளுடைய சித்தி மகளுக்குக் கிடைத்ததுதான் இவளுக்கும் கிடைக்கும்: ஒரு ஐஸ் பொட்டலம், ஒரு கைகுலுக்கல், பிஜியின் நாடி விமான நிலையத்துக்கு ஒருவழி டிக்கெட். ஊரில் இரண்டு பிள்ளைகள், புயலில் கூரை போன வீடு. பாதிச் சுவர் எழும்பியிருக்கிறது.

அவளை ஒரு கதாபாத்திரமாக நினைத்துப் பார்க்க எனக்குச் சரியாக வரவில்லை. முதல் வரைவில் அவளை அழ வைத்திருந்தேன். கம்பெனி அவர்களைத் தங்க வைத்திருக்கும் பழைய மோட்டலின் சமையலறையில், சேப்பங்கிழங்கு வேகும்போது, அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"நான் எப்பக்கா அழுதேன்?"

"கதைக்காகப் போட்டேன்டி."

"அப்ப நீயே அழுதுக்க. நான் அழுதேன்னு வந்தா எங்க ஊர்ல என் நாத்தனார் ஒரு வருஷத்துக்குச் சிரிப்பா. அந்த மேனேஜர அழ வை, பாப்போம்."

மேலாளரை அழ வைத்துப் பார்த்தேன். நம்பும்படியாக இல்லை.

4

இனி நடந்தது. நான் அப்போது பின்வாசல் மறியலில் இருந்தேன். வஸிதி ஒருவிதமாகவும் டெக்லன் ஒருவிதமாகவும் சொன்னதைச் சேர்த்துத் தைத்திருக்கிறேன்.

டெக்லன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன், எங்கள் கிளையின் தொண்டை. அவன் கையில் ஒலிபெருக்கி இல்லாத நேரத்தில் அவனை அடையாளம் கண்டுபிடிப்பதே சிரமம். வாசலில் நாங்கள் நிற்கும் மறியல் கோட்டை யாரும் தாண்டி உள்ளே போகக் கூடாது என்பது அவனுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. அவனுடைய அப்பாவும் தாத்தாவும் கப்பல்துறையில் சங்கத்து ஆட்கள்.

ஒப்பந்தக்காரர்களை ஏற்றி வரும் பஸ்ஸின் ஓட்டுநரும் சங்கத்து ஆள். கோட்டைத் தாண்ட மாட்டேன் என்று சொல்லி, சாலையிலேயே அவர்களை இறக்கிவிட்டான். இறங்கியவர்கள் வாசலை நோக்கி நடந்தார்கள். ஆண்கள் சுலு வேட்டியில், எல்லோரும் கறுப்பில். ஒருவரும் பேசவில்லை, ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முன்னால் வந்த பெரியவர் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார்.

இதைப் பார்த்த டெக்லனுக்கு என்ன தோன்றும்? தலைகுனிந்து, சோற்று மூட்டையோடு, வேலைக்குப் போகிறார்கள். ஒலிபெருக்கியைத் தூக்கினான்.

"கருங்காலிங்களா!"

கூட்டமும் சேர்ந்து கத்தியது. கருங்காலி, கருங்காலி, கருங்காலி.

அந்தப் பொட்டலத்தில் இருந்தது யங்கோனா வேர்.* முதல்நாள் இரவு மோட்டலில் உட்கார்ந்து, எங்களோடு நிற்பது என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அவர்கள் கணக்கில் மறியல் எங்கள் வீடு அல்லவா? அதற்குள் வெறுங்கையோடு எப்படி நுழைவது? தலையைக் குனிந்தது வெட்கத்தால் அல்ல, மரியாதையால். நாங்கள் குளிர்காயும் தீப்பீப்பாய் வாசலை ஒட்டி இருந்ததால் வாசலை நோக்கி வந்தார்கள்.

அவர்கள் நடுச்சாலையில் நின்றார்கள். மேலாளர் ஓடிவந்து, கல்யாண வீட்டில் வரவேற்கிற மாதிரி கதவை அகலத் திறந்தார். "வாங்க, வாங்க, உள்ள வாங்க. அவங்க புத்தியே அவ்வளவுதான்." பெரியவர் பொட்டலத்தைத் தார்ச்சாலையில் மெதுவாக வைத்துவிட்டு உள்ளே போனார். மற்றவர்களும் போனார்கள். வஸிதியும் போனாள்.

டெக்லன் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இஞ்சியா இது?" என்றானாம்.

* பிஜியில் அடுத்தவர் இடத்தில் கால் வைக்கும் முன் இந்த வேர்க்கட்டை அவர்கள் முன்னால் வைத்து அனுமதி கேட்பார்கள். அவர்கள் தொட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் உள்ளே வருவார்கள். உலகத் தொழிலாளர்களே ஒன்றுபடுங்கள் என்று பதாகை பிடித்துக்கொண்டு நின்ற எங்களில் ஒருவருக்கும் இது தெரியவில்லை.

5

டெக்லனை முட்டாள் என்று முடித்துவிட்டால் கதை சுலபமாகிவிடும். மேலாளருக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் விஷயம் தெரிந்த அன்றே, பிஜி இந்தியர் கடையில் தேடிப் பிடித்து ஒரு வேர்க்கட்டு வாங்கிக்கொண்டு மோட்டலுக்குப் போனவன் டெக்லன். நானும் போனேன். பாயில் உட்காரச் சொன்னார்கள். அவன் முழங்கால் மடங்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தான். வேர்க்கட்டைப் பெரியவர் முன்னால் வைத்தான்.

"தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க" என்றான்.

பெரியவர் தொட்டார். எல்லோரும் குழிந்த கையால் மூன்று தடவை தட்டினார்கள். அவ்வளவுதான், முடிந்தது. எங்கள் கிளையாக இருந்தால் இதற்கு இரண்டு கமிஷன் போட்டு மூன்றாய்ப் பிரிந்திருப்போம்.

யங்கோனாவைக் கரைத்துச் சிரட்டையில் கொடுத்தார்கள். குடித்ததும் அவனுக்கு நாக்கு மரத்துவிட்டது.

"இவ்வளவு மெதுவாப் பேசுறாரே, ஒடம்புக்கு முடியலையா?" என்றாள் வஸிதி.

"நாளைக்கும் ஒரு சிரட்ட குடுத்து அனுப்புடி" என்றேன். டெக்லன்தான் அதிகம் சிரித்தான்.

ஆனால் மேலாளர் எங்கள் பிழையை வீணாக்கவில்லை. மறுநாளே அவர்களை வரிசையில் நிற்க வைத்துச் சொன்னார்: மறியல்காரர்களோடு நிற்பவர்களுக்கு ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது, பெட்டியைக் கட்டிக்கொள்ளலாம். நாங்கள் ஒரு காலையில் திறந்துவிட்ட கதவை அவர் வெளிப்பக்கமாகப் பூட்டிவிட்டார்.

6

இந்த வாரம் கம்பெனி இறங்கி வந்தது. சம்பளம் உயரும். பெல்ட்டின் வேகம் குறையும். மூன்றாவது கோரிக்கையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

சங்கச் செயலாளர் என் தோளில் கை போட்டார். "கெடச்சத வாங்கிக்குவோம்மா. அவங்க விஷயத்த அப்புறமாப் பாத்துக்கலாம்."

அப்புறம் என்பது எந்தக் கிழமையில் வருகிறது என்று கேட்டேன். நான் உணர்ச்சிவசப்படுவதாகச் சொன்னார். ஆமாம், வசப்பட்டேன். அவர்களும் எங்களோடு வேலையைப் பணயம் வைத்தால்தான் ஜெயிக்க முடியும் என்று வேலைநிறுத்தத்தின் முதல்நாள் மேடையில் முழங்கியவர் இதே மனிதர்.

முடிவு அ: ஒப்பந்தத்தை ஏற்றுக்கொள்கிறோம். கைதட்டல். திங்கட்கிழமை உள்ளே போகிறோம். வஸிதி வீங்கிய கையை உறைக்குள் மறைத்துக்கொண்டு எனக்கு வணக்கம் சொல்கிறாள். நான் திரும்பச் சொல்வதற்கு—

[இதற்கு மேல் எழுத முடியவில்லை.]

முடிவு ஆ: ஒருமனதாக நிராகரிக்கிறோம். பஸ்ஸிலிருந்து வஸிதியும் மற்றவர்களும் இறங்கி வருகிறார்கள். சிவப்புக் கொடி, பாட்டு, அணைப்பு. மாரீன் ஆனந்தக் கண்ணீர் விடுகிறாள்.

இதை நேற்று வஸிதிக்கு வாசித்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நான் இறங்குனேன்னு எழுதாதக்கா."

"ஏன், பயமா?"

"பயந்தான். இல்லாம? நீ எழுதுனா ஒரு வரி. நான் இறங்குனா நாடி. இறங்கலன்னும் எழுதாத, அப்புறம் நான் கருங்காலி ஆயிருவேன். ரெண்டுமே உங்க கதை. எனக்காக வெளிய நிப்பீங்களா மாட்டீங்களா? மொதல்ல அத எழுது."

"எனக்குத் தெரியலையேடி."

"எனக்கும் தெரியல. அதான் பாக்கப் போறேன். வாக்கெடுப்பு நடக்குறப்ப எங்க பஸ் வேலிப் பக்கந்தான் நிக்கும். யாரு கை தூக்குறா, யாரு தூக்கலன்னு ஜன்னல்ல ஒக்காந்து பாப்பேன். எனக்கு மொகம் மறக்காது."

7

ஆகவே மாரீன், மன்னித்துக்கொள். முடிவு என்னிடம் இல்லை.

வாகன நிறுத்தத்தில் கூட்டம் கூடிவிட்டது. எங்கள் வழக்கப்படி கையைத் தூக்கித்தான் வாக்கு. பெட்டி கிடையாது, மறைப்பு கிடையாது. செயலாளர் ஒப்பந்தத்தை வாசித்து முடித்தார். "ஏத்துக்கிறவங்க கையத் தூக்குங்க" என்கிறார்.

என் கை கீழே இருக்கிறது. டெக்லன் கையும் கீழேதான் இருக்கிறது. மற்றவர்களுடைய கைகளை நான் எழுதப் போவதில்லை. உங்களுக்கும் சம்பள உயர்வு வேண்டும், வீட்டுத் தவணை இருக்கிறது, இத்தனை நாள் குளிரில் நின்றுவிட்டீர்கள். எல்லாம் எனக்குத் தெரியும், அதில் தப்பும் இல்லை. வஸிதி யாரென்றே உங்களுக்குத் தெரியாது என்றும் சொல்லலாம். ஆனால் இவ்வளவு தூரம் வாசித்துவிட்டீர்கள்.

பஸ் வந்து நின்றுவிட்டது. அவள் ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டு உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.