பாறை எடுத்து வைத்துக்கொண்ட குரல்

எங்கள் ஊர் ஒரு கிண்ணம். மூன்று பக்கம் மலை. நாலாவது பக்கம் பழைய கல்குவாரியின் செங்குத்துப் பாறை. அதன் காலடியில் ஆழம் தெரியாத தண்ணீர். கிண்ணத்தின் அடியில் கல்லூரி, விடுதி, இரண்டு தெரு, என் ஜெராக்ஸ் கடை, அதன் பின்னால் எங்கள் வீடு. இரவில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து சரிந்து வந்து இங்கே தேங்கும். வெளியேற வழி கிடையாது. விடிந்தால் மூடுபனி. வெயில் ஏறும்வரை நீட்டிய கை நமக்கே தெரியாது.

இதெல்லாம் எனக்குச் சொன்னவர் என் வீட்டுக்காரர். கல்லூரியில் புவியியல் பாடம் எடுக்கிறார். மாணவர்கள் வைத்த பெயர் 'மேப்பு'. தினமும் காலையில் மைதானத்தைத் தாண்டி, குவாரி ஓரத்தில் இருக்கும் வெள்ளை மரப்பெட்டியைத் திறந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டு வருவார்.

பனி இறங்கிவிட்டால் இந்த ஊரில் யாரும் யாரையும் வாயால் கூப்பிடுவதில்லை. குரல் பாறையில் மோதி அந்தப் பக்கமிருந்து கேட்கும். நம்பி நடந்தால் தண்ணீர்தான். அதனால் வாசலில் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டுவோம்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. பனிக்குள் போனவரை, "என்னங்க, இந்தப் பக்கம் வாங்க" என்று கூப்பிட்டுவிட்டேன். வெல்லம் மாதிரி குரல் அப்போது. எதிரொலி வரவே இல்லை. தடவித் தடவி வீடு வந்து சேர்ந்தவர், "உன் குரல் நல்லாருக்குன்னு பாறையே எடுத்து வெச்சுக்கிச்சு" என்று சிரித்தார்.

வெல்லமெல்லாம் கரைந்து வெகு காலமாயிற்று. இப்போது என் வாய் ஊரறிந்த வாய். கடையில் வரிசை கலைந்தால் பேராசிரியர் என்றுகூடப் பார்க்க மாட்டேன்.

போன வாரம் ஒரு நாள், பனி என்றுமில்லாத அடர்த்தி. நான் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். குவாரிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னங்க, இந்தப் பக்கம் வாங்க."

என் குரல். அந்தப் புதுப்பெண்ணின் குரல். எங்கோ நடந்துகொண்டிருந்த அவருடைய செருப்புச் சத்தம் நின்றது. பிறகு மெதுவாகக் குவாரியை நோக்கித் திரும்பியது. எவ்வளவு ஓங்கித் தட்டியும் அந்தக் கால்கள் கேட்கவில்லை. எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முந்தியது. ஊர் வழக்கமாவது மண்ணாவது என்று கத்திவிட்டேன்.

"எங்கய்யா போறீங்க? காப்பி ஆறிப்போய்க் கெடக்கு! கண்ணு மட்டுந்தான் போச்சா, காதும் போச்சா?"

செருப்புச் சத்தம் திரும்பி ஓடி வந்தது. நனைந்த தலையோடு உள்ளே நுழைந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அழுதார்.

"அவ்ளோ ஆசையா கூப்பிட்டுச்சும்மா. கால் தன்னால போயிருச்சு. நீ திட்டின பிறகுதான் எது வீடுன்னே தெரிஞ்சுது."

"இனிமே அந்தப் பொட்டிய யாராவது பார்த்துக்கட்டும். நீங்க போகாதீங்க."

"ஒண்ணும் ஆகாது. இனி யாரு கொஞ்சினாலும் திரும்ப மாட்டேன். தட்டையும் நம்ப மாட்டேன். நீ திட்டினா மட்டும் வர்றேன், போதுமா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் திட்டுக்கு இப்படி ஒரு மரியாதையா என்று மனசுக்குள் கொஞ்சம் பூரித்தும் போனேன். அன்று நான் கத்தியதுகூட எதிரொலிக்கவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

இன்று காலை அவர் கிளம்பிப் போனதுமே பனி இறங்கியது. வாசலுக்கு வந்தேன். திட்டுவதற்கு வாயைத் திறக்கவில்லை, இன்னும் மூச்சைக்கூட இழுக்கவில்லை.

"எங்கய்யா போறீங்க? காப்பி ஆறிப்போய்க் கெடக்கு!"

குவாரிப் பக்கமிருந்து.

"ஐயோ, அது நானில்ல! இங்க வாங்க!" என்று அலறினேன். அழுகையில் குழைந்து, அது கெஞ்சலாகத்தான் வந்தது. திட்ட வரவில்லை. எனக்கு இன்று திட்டவே வரவில்லை.

"தோ வந்துட்டேம்மா" என்று பனிக்குள்ளிருந்து அவர் சிரித்தார். செருப்புச் சத்தம் அந்தப் பக்கமாக ஓடியது.