தங்கைக்கு என் சிறுநீரகம்

ரத்தம் பொருந்திவிட்டது. என் சிறுநீரகம் ஒன்று தங்கை பி யுன்னுக்குப் போகப் போகிறது. தைனான் நகரச் சந்தையில் என் பால்மீன் கஞ்சிக் கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் இதைச் சொல்லித்தான் கஞ்சி ஊற்றினேன். கால் தரையில் பாவவில்லை.

"உன் கிட்னியா? அப்ப இனிமே பி யுன்னும் சந்தை அதிரக் கத்துவா," என்றான் பக்கத்துப் பன்றிக்கறிக் கடை மிங் தே.

"கத்தட்டும்டா. மூணு வருஷமா ரத்தம் சுத்தம் பண்ற மெஷின்ல கெடந்து அவ குரலே தேஞ்சுபோச்சு."

கடல் அன்னை கோயிலுக்குச் ஆமை வடிவச் சிவப்பு மாவுப் பணியாரம் நேர்ந்துகொண்டேன். கடைசிப் பரிசோதனைகளின் முடிவு கேட்க, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"எப்ப அறுக்கறீங்க?" என்று உட்காருவதற்கு முன்பே டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"உக்காருங்கம்மா. முன்னாடி மூலிகைக் கஷாயம் ஏதாச்சும் குடிச்சீங்களா?"

குடிக்காமல்? பிள்ளை பெற்ற பிறகு இடுப்பு வலிக்கு நானும் தங்கையும் ஒரே சட்டியில் காய்ச்சி வருஷக்கணக்கில் குடித்தோம். அதில் போடும் கொடியை அரசாங்கம் தடை செய்ததும் நிறுத்திவிட்டோம். இருபது வருஷத்துக் கதை. சொன்னேன்.

"நிறுத்தினாலும் அது விடாதும்மா. உள்ளயே மெதுவாத் தின்னுக்கிட்டு இருக்கும். உங்க ரெண்டு கிட்னியும் பாதிக்கு மேல போயிடுச்சு. நீங்க குடுக்க முடியாது."

"நான் மீன் கூடை தூக்குறவ. எனக்கு எங்கயும் வலிக்கலியே."

"வலிக்காது. அதுதான் இதுல மோசம்."

வேரும் இலையும் யாரை என்ன செய்துவிடும் என்று ஊருக்கே உபதேசம் செய்தவள் நான். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தச் சட்டிமேல், குடித்த என் வாய்மேல், உண்மை சொன்ன அந்தப் பெண்மேல்கூட.

அதே ஆஸ்பத்திரி மாடியில் பி யுன் மெஷினோடு படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "தேதி சொல்லிட்டாங்களா அக்கா?"

எனக்கு ஒளிக்கத் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன்.

தலையணையில் என் பக்கம் திரும்பினாள். "மொதக் கொதியிலதான் வீரியம் இருக்கும்னு அதை உனக்கு ஊத்துவேன். ரெண்டாங் கொதியத்தான் நான் குடிப்பேன். மூத்தவளுக்கு நல்லது போகட்டும்னு நெனச்சேன்."

"அதுக்கு நீ என்னடி பண்ணுவ."

ஊசி ஏறாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் கெடைக்காட்டிப் போகுது. உனக்கு யாரு குடுப்பாங்க அக்கா?"