வேலை போனதற்கான காரணம்

உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை என் கணவர் மூன்றாவது முறையாகப் படித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நல்ல துப்பறியும் கதை கையில் கிடைத்தவர் போல நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"விண்ணப்பதாரர் தமது சொந்தச் செயலால் வேலையை இழந்துள்ளார். எனவே வேலையிழப்பு உதவித்தொகைக்குத் தகுதியில்லை." வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "எப்படி இந்த முடிவுக்கு வந்தாங்க? தெரிஞ்சுக்கணுமே."

"நீங்க என்னத்தை எழுதிக் கொடுத்தீங்க?"

"கேட்டதைத்தான்."

விண்ணப்பத்தின் நகலை எடுத்து வந்து காட்டினார். 'வேலை போனதற்கான காரணம்' என்று ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள். அவரோடு வேலை போன மற்ற எல்லோரும் அங்கே 'ஆட்குறைப்பு' என்று ஒரு வார்த்தை எழுதி வேலையை முடித்திருந்தார்கள். இவர் 'தனித்தாள் காண்க' என்று எழுதி, ஒரு முழுத்தாளைப் பின்னால் குத்தியிருந்தார்.

பதினான்கு வருடமாக அவர் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் பரிசோதகர். வெளிச்சம் போட்ட வெள்ளைப் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகரும். விரிசல் விட்டதைப் பார்த்து வெளியே எடுக்க வேண்டும். தவறு ஏதாவது நடந்தால் ஒரு பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணத்தைப் பார்த்து மறுபடி 'ஏன்' என்று கேட்டு, வரும் பதிலையும் 'ஏன்' என்று கேட்டு, இனிக் கேட்க எதுவுமில்லை என்கிற வரை போக வேண்டும். அது தொழிற்சாலை விதி. மற்றவர்கள் இரண்டு 'ஏன்' போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்களாம். இவர் மட்டும் அடிவரை போவார். அதனாலேயே அங்கே அவருக்கு 'ஏன் சார்' என்று பெயர்.

தாளில் இப்படி இருந்தது. வேலை ஏன் போனது? பரிசோதனைப் பிரிவை மூடிவிட்டார்கள். ஏன் மூடினார்கள்? விரிசலைக் கண்டுபிடிக்கும் கேமரா வாங்கினார்கள். ஏன் வாங்கினார்கள்? நான்காவது மணி நேரத்துக்குப் பிறகு மனிதக் கண்ணுக்கு விரிசல் தப்புகிறது என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது? நான் பதிவேட்டில் எழுதினேன்.

கடைசி வரிக்குக் கீழே அழுத்தமாக ஒரு கோடு.

"கோடு எதுக்குங்க?"

"அடி வரைக்கும் வந்தாச்சுன்னு அர்த்தம்."

சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இவரைத் தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்குக் கண் பரிசோதனைக்கு வந்தவர், எழுத்துப் பலகையில் கடைசி வரி ஏன் அவ்வளவு சின்னது என்று என்னிடம் இருபது நிமிடம் விசாரித்தார். மறுவாரம் ஒரு குறையும் இல்லாத கண்ணாடியைச் சரிசெய்ய வந்தார். கல்யாணமாகி ஒன்றரை வருடம்தான் ஆகிறது.

உதவித்தொகை ஆறு மாதம் கிடைத்தால், இங்கேயே பயிற்சி நிலையத்தில் கேமரா இயந்திரங்களைப் பழுது பார்க்கும் படிப்பை முடித்துவிடுவார். கிடைக்காவிட்டால் என் அண்ணன் பார்த்து வைத்திருக்கும் கிடங்கு வேலை. ரயிலில் பத்து மணி நேரம். மாதத்துக்கு ஒருமுறை வந்து போகலாம். அந்த 'வந்து போகலாம்' என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணன் ஆளும் கட்சியின் வட்டச் செயலாளர். உதவித்தொகையை ஆறு மாதத்திலிருந்து மூன்றாகக் குறைக்கும் மசோதா மறுவாரம் சட்டசபைக்கு வர இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர், தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒருவர் இயந்திரத்தால் வேலை போகிறது என்றார். இன்னொருவர் வெளியிலிருந்து வரும் மலிவுச் சரக்கு என்றார். அண்ணனின் கட்சிக்காரர், ஜனங்களுக்கு உழைக்க மனசில்லை என்றார்.

"அதுதான் விஷயம்," என்றார் அண்ணன். "உட்கார்ந்த இடத்துக்குப் பணம் வந்தா எவன் வேலை தேடுவான், மாப்பிள்ளை?"

"இருக்கலாம் மச்சான். எத்தனை பேர் அப்படி?"

"முக்கால்வாசி."

"எண்ணிப் பார்த்தீங்களா?"

"இதையெல்லாம் எண்ணுவாங்களா? பார்த்தாலே தெரியாதா?"

"நான் எண்ணினேன். எங்க பிரிவுல இருபத்திரண்டு பேர். எல்லார் வீட்டுக்கும் போய்ட்டு வந்தேன். வேலை தேடாம இருக்கறவன் ஒருத்தன். அவன் வேலையில இருந்தப்பவும் சும்மாதான் இருந்தான்."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "கிடங்குல வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கேட்கறாங்க. இவர் எண்ணி முடிக்கட்டும், நீ யோசிச்சுச் சொல்லு."

மேல்முறையீட்டு விசாரணை வியாழக்கிழமை. அண்ணன்தான் காரில் அழைத்துப் போனார். வழியெல்லாம் இவருக்குப் பாடம் எடுத்தேன்.

"கேமரா வந்துச்சு, வேலை போச்சு. அவ்வளவுதான் சொல்லணும். அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடாது."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான்."

இரண்டாவது மாடியில் நீளமான அறை. சுவரோரம் கோப்புகள் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. விசாரணை அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடி நழுவி நழுவி இறங்கியது. அந்த நேரத்திலும் திருகை இறுக்கிக் கொடுக்க எனக்குக் கை பரபரத்தது.

அதிகாரி தனித்தாளைத் தூக்கிக் காட்டினார். "இது நீங்க எழுதினதா?"

"ஆமாங்க."

"கடைசி வரி உண்மையா? நீங்க எழுதினதாலதான் கேமரா வந்ததா?"

மேஜைக்கு அடியில் என் கணவரின் காலை மிதித்தேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு அதிகாரியைப் பார்த்தார்.

"உண்மைதாங்க."

அதிகாரி பேனாவை மூடினார். கதவோரம் நின்றிருந்த அண்ணன் கூரையைப் பார்த்தார். பத்து மணி நேர ரயில் கிளம்பிவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் அதோடு ஒரு சந்தேகமும் வந்தது. இந்த மனிதர் வீட்டில் குழாய் ஒழுகினால்கூட, காரணம் சொன்ன கையோடு என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லாமல் விடமாட்டாரே.

"மேடம், நான் ஒண்ணு கேட்கலாமா? உங்ககிட்ட இல்ல, இவர்கிட்ட."

அதிகாரி தலையசைத்தார்.

"அந்தப் பதிவேட்டுல காரணத்தோட விட்டுட்டீங்களா? அதுக்கு என்ன பண்ணணும்னு எழுதலையா?"

"எழுதாம? அதுக்குத் தனிக் கட்டமே உண்டே."

"அதுல என்ன எழுதினீங்க?"

"ஒரு ஆள் தொடர்ந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல பார்க்கக் கூடாது, மாத்தி விடணும், அதுக்கு இன்னும் ஆறு பேர் வேணும்னு எழுதினேன்."

அதிகாரி கண்ணாடியை மேலே தள்ளினார். "இதை ஏன் இந்தத் தாள்ல எழுதலை?"

"விண்ணப்பத்துல காரணம்தானே கேட்டிருந்தீங்க?" உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"அந்தப் பதிவேடு எங்கே?"

"தொழிற்சாலையில. எழுதின பக்கங்களைப் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்." போனை நீட்டினார். அதிகாரி விரலால் பெரிதாக்கிப் படித்தார். ஆறு பேர் கணக்கு எப்படி வந்தது என்று கேட்டார். இவர் காகிதத்தில் வரைந்து காட்டினார். பாட்டில் வேகம், கண் இமைக்கும் நேரம் என்று ஏதேதோ. அந்தம்மா நாற்காலியை இந்தப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு கேட்டார். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"கேமராவா, ஆறு பேரான்னு முடிவு பண்ணினது யார்?"

"நிர்வாகம்தாங்க. அந்தக் கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிடலை."

"ஆறு பேரைச் சேர்க்கச் சொன்னவர் தன் வேலையைத் தானே போக்கிக்கிட்டார்னு எங்க ஆபீஸ் எழுதியிருக்கு." அதைத் தனக்கே சொல்லிக்கொள்வது போல மெதுவாகச் சொன்னார். பழைய முடிவின் மேல் குறுக்கே கோடிட்டு, கீழே நான்கு வரி எழுதி, முத்திரை வைத்தார். "ஆறு மாசம். மசோதா அடுத்த வாரம் நிறைவேறினாலும் இன்னைக்குப் போட்ட உத்தரவு மாறாது. அந்தப் போட்டோவை மட்டும் அச்செடுத்துக் கொடுத்துட்டுப் போங்க."

காரில் திரும்பும்போது, பாலம் தாண்டியதும் அண்ணன் ஆரம்பித்தார்.

"மூணு மாசம் போதும்னுதான் நான் இப்பவும் சொல்வேன் மாப்பிள்ளை."

"சொல்லுங்க மச்சான். ஆனா அந்தப் படிப்பு ஆறு மாசம்."

"அதை மூணு மாசத்துல முடிக்க முடியாதா?"

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு. கேட்டுட்டு வந்து சொல்றேன்."

அண்ணன் காரின் முன் கண்ணாடியில் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார். "கிடங்குக்கு நானே போன் பண்ணிடறேன். வேற ஆள் பார்த்துக்கட்டும்." சிறிது தூரம் போனதும், "வகுப்பு எத்தனை மணிக்கு?" என்றார்.

"காலையில எட்டு."

"அவ கடை ஒன்பதுக்குத்தானே? பஸ்ல ஒண்ணாவே போயிடலாம் நீங்க ரெண்டு பேரும்."

என் கணவர் என் பக்கம் திரும்பினார். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நான் என்ன செய்வேன் என்று யோசிக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் கேட்பதற்கு முன்னால், "கடையைச் சீக்கிரம் திறந்துக்கறேன்," என்றேன்.