முக்கால் அங்குலம்

பதினோரு வருடமாக மாமனாரிடம் கேரம் விளையாடித் தோற்றுக்கொண்டிருந்தான் மாப்பிள்ளை. தோற்றதுகூடப் பெரிதில்லை. இறங்கிப்போன தரையில் ஓட்டை போட்டு, சிமெண்டுக் குழம்பைப் பம்பால் உள்ளே ஏற்றி, தரையைத் தூக்கி நிறுத்துவது அவன் தொழில். அதை வைத்து மாமனார் அவனுக்கு ‘ஓட்டை’ என்று பெயர் வைத்து, சொந்தபந்தம் முன்னால் வாய் நிறையக் கூப்பிட்டார்.

“ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டுங்க. அன்னையிலேருந்து மாப்பிள்ளைன்னு கூப்பிடுறேன்” என்பார்.

கேரம் மேஜை ஏதோ சாய்ந்தாற்போல் இருக்கிறதே, காலுக்கு அட்டை வைக்கலாமா என்று அவன் முதல் வருடமே கேட்டான். “அட்டை வைக்கிறது ஆட்டக்காரனுக்கு அழகில்ல” என்று மாமனார் வாயை அடைத்துவிட்டார்.

இந்த நிலையில்தான், கூடத்து அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்கிறது என்று மாமியார் அவனை வேலைக்கு அழைத்தாள். சாய்வு பார்க்கும் ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தான். குழாய் ஒழுகி மண் அரித்து, தரை ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்தது. இறங்கியது அவன் உட்காரும் பக்கம். கிழவர் இத்தனை நாளும் மேட்டில் உட்கார்ந்து பள்ளத்தைப் பார்த்து அடித்திருக்கிறார்.

“கொஞ்சம் அதிகமா ஏறிட்டா இறக்கிக்கலாமா?” என்றாள் மாமியார்.

“தூக்கத்தான் முடியும் அத்தை. இறக்க வழியே இல்ல.”

குழாயை மாற்றினான். தன் நாற்காலிப் பக்கம் ஆறு ஓட்டை போட்டுப் பம்பை ஓட்டினான். ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வந்தது. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை என்று இன்னும் முக்கால் அங்குலம் ஏற்றினான். தொழிலில் அவன் செய்த முதல் திருட்டு அது. வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் எட்டுப் பேரை அவனே வரவழைத்திருந்தான். கேரம் காய்களை எடுக்க மாமனார் அலமாரியைத் திறந்தார். கதவு தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தார். மறுபடி மூடிக்கொண்டது. கதவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் அவனைப் பார்த்தார். நேரே வந்து அவன் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தார்.

“ஒரே பக்கம் உக்காந்து முதுகு வலிக்குது. இன்னைக்கு நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க.”

மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். போய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான். நாலு காய் போவதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது.

“மாமா, மேஜைக் காலுக்கு ஒரு அட்டை...”

“அழகில்ல, ஓட்டை” என்று சொல்லி அவர் சிவப்புக் காயைக் குழியில் தள்ளினார்.